தோல் உறைக்குள் இங்க் பேனா: அளவு, உள்பக்கம், மழைக்காலம்

இங்க் பேனாவுக்குத் தோல் உறை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளித்தோலைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். நிறம், மினுமினுப்பு, மூலையில் அழுத்திய முத்திரை எல்லாம் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் பேனா நாள் முழுக்க உரசிக்கொண்டு கிடப்பது உள்பக்கத்தில். பேனாவில் கோடு விழுந்தது, வெள்ளி கறுத்தது, மூடி கழன்று மை கொட்டியது என்று எந்தப் புகாரை எடுத்துக்கொண்டாலும், காரணம் உறையின் உள்பக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் அளவில் இருக்கும். அதனால் இந்தப் பதிவில் வெளித்தோலின் அழகைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை.

அளவு

உறையைத் தேடுவதற்கு முன்னால் பேனாவை அளந்துவிடுங்கள். மூடி போட்ட நிலையில் நீளம், கிளிப்போடு சேர்த்துத் தடிமன், இந்த இரண்டும் போதும். காவெகோ ஸ்போர்ட் மூடி போட்டால் சுமார் 105 மி.மீ.தான். லாமி சஃபாரி, பைலட் மெட்ரோபாலிடன் போன்றவை 140 மி.மீ.ஐ ஒட்டி வரும். மான்ட்பிளாங்க் 149 ஏறக்குறைய 148 மி.மீ. திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் கையால் கடையும் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்களில் 150 மி.மீ.ஐத் தாண்டும் மாதிரிகள் உண்டு. ‘எல்லா பேனாவுக்கும் பொருந்தும்’ என்று விற்கும் உறைகள் பெரும்பாலும் 140 மி.மீ. பேனாவை மனதில் வைத்துத் தைத்தவை. அதில் ஸ்போர்ட்டைப் போட்டால் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பெரிய எபோனைட் பேனாவைப் போட்டால் மேல்மடிப்பு மூடாது, அல்லது மூடியின் தலையை அழுத்திக்கொண்டே இருக்கும். உறையின் உள்நீளம் பேனாவைவிட 5 முதல் 10 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நடக்கும்போது பேனா மேலும் கீழும் ஆடும்.

தடிமனுக்கு ஸ்கேல் உதவாது. ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் காகிதப் பட்டை ஒன்று வெட்டி, மூடியில் கிளிப் அதிகமாகத் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் கிளிப்பையும் சேர்த்துச் சுற்றி, நுனி சேரும் இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த நீளத்தில் பாதிதான் தட்டையான உறைக்கு அடிப்படை அளவு. ஒரு கணக்கு பார்ப்போம். மூடியின் விட்டம் 15 மி.மீ. என்றால் வெறும் சுற்றளவு 47 மி.மீ. கிளிப் 5 மி.மீ. வெளியே நிற்கிறது என்றால், கிளிப்பைச் சுற்றி இழுத்த பட்டை 53 மி.மீ. காட்டும். பாதி, 27. தோலுக்கும் தடிமன் இருப்பதால் அது உருண்டு நிற்கும்போது உள்ளே இடம் குறையும். 1.5 மி.மீ. தோலுக்கு இன்னும் 2 முதல் 3 மி.மீ. சேர்க்க வேண்டும். ஆக, ஒரு தையலுக்கும் எதிர்த் தையலுக்கும் நடுவே 30 மி.மீ. வேண்டும். கிளிப்பை மறந்துவிட்டு அளந்தவர் 26இல் தைத்திருப்பார். பேனா உள்ளே போகும், ஆனால் ஒவ்வொரு முறையும் கிளிப்பின் முனை தோலைக் கீறிக்கொண்டு போகும். சில மாதங்களில் கிளிப்பும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

இந்தக் கணக்கு ஒற்றைப் பேனா உறைக்கு, அதாவது முன்தோலும் பின்தோலும் சமமாக உப்பும் உறைக்கு. இரண்டு, மூன்று பேனா உறைகளில் நிலைமை வேறு. பின்பக்கம் ஒரே தட்டையான தோல், முன்பக்கமும் தட்டையாகவே வெட்டித் தைத்திருந்தால், மூன்று தடித்த பேனாக்களை வைத்ததும் முழு உறையும் வாழைமட்டை மாதிரி வளைந்து நிற்கும். நல்ல தையல்காரர் முன்தோலை ஒவ்வொரு அறைக்கும் கூடுதலாக விட்டு, மேடாகவே தைத்திருப்பார். உறை காலியாக இருக்கும்போதே முன்பக்கம் உப்பலாகத் தெரிய வேண்டும். காலியில் நோட்டுப் புத்தக அட்டை மாதிரி தட்டையாக இருக்கும் மூன்று அறை உறை, மெல்லிய பேனாக்களுக்குத்தான் ஆகும்.

கடையில் சோதிக்க, உங்கள் பேனாவை உறையில் வைத்து, திறந்த வாயைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துப் பிடியுங்கள். மெத்தைமேலோ மடிமேலோ செய்யுங்கள், தரைக்கு மேல் வேண்டாம். பேனா தானாக விழக்கூடாது. லேசாக உதறினால் மெல்ல நழுவி வர வேண்டும். உதறியும் வரவில்லை, இரண்டு விரலால் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது என்றால் புதுத்தோல் என்று கொஞ்சம் சலுகை கொடுக்கலாம். முறுக்கித்தான் எடுக்க வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

முறுக்குவது ஏன் ஆபத்து? திருகு மூடி பேனா இறுக்கமான உறையில் இருக்கும்போது, வெளியே தெரிவது மூடியின் தலை மட்டும். அதைப் பிடித்து இடப்பக்கம் திருகினால் மூடி கழலும், பேனா உள்ளேயே நிற்கும். அழுத்து மூடி பேனாக்களில் திருகக்கூட வேண்டியதில்லை. சஃபாரியை இறுக்கமான உறையிலிருந்து நேராக இழுத்தாலே சில நேரம் கையில் மூடி மட்டும் வரும். நிப்பு உள்ளே அம்மணமாக நிற்கும். அப்படி ஆனால் மூடியைத் திரும்ப உள்ளே குத்தப் பார்க்காதீர்கள், நிப்பு வளைந்துவிடும். உறையை நிமிர்த்திப் பிடித்து, அடியை வெளியிலிருந்து விரலால் நெருக்கிப் பேனாவை மேலே தள்ளி எடுங்கள். அழுத்து மூடிப் பேனாதான் உங்களிடம் அதிகம் என்றால், வாயில் பிறை வடிவமாக வெட்டிய உறையை வாங்குங்கள். மூடிக்குக் கீழே பேனா உடலையே விரலால் பிடிக்கும் அளவுக்கு அந்த வெட்டு ஆழமாக இருக்க வேண்டும். அடியில் சிறு துளை விட்ட உறை இன்னும் வசதி. கீழிருந்து தள்ளலாம், உள்ளே சேரும் தூசியும் உதிரும்.

உறையின் வகை

வகைகள் நிறைய. சட்டைப் பையில் வைக்கும் ஒற்றை உறை, மேல்மடிப்பு வைத்த இரண்டு மூன்று பேனா உறை, சுருட்டிக் கட்டுவது, ஜிப் வைத்து 10, 20, 40 பேனா பிடிப்பது, தடித்த தோலை நனைத்து அச்சில் வார்த்த விறைப்பான கூடு.

பையில் புத்தகம், சாப்பாட்டு டப்பா, சார்ஜர் எல்லாம் சேர்ந்து கிடக்கும் என்றால், விறைப்பான கூடு ஒன்றுதான் பேனாவைக் காப்பாற்றும். அதற்குத் தோல் 2 முதல் 3 மி.மீ. இருக்க வேண்டும். மென்மையான உறை கீறலைத் தடுக்கும், அழுத்தத்தைத் தடுக்காது. டப்பாவின் விளிம்பு கிளிப்பின் மேல் உட்கார்ந்தால் அது தோலையும் தாண்டி அழுத்தும். சட்டைப் பைக்கு 1.2 முதல் 1.6 மி.மீ. தோல் போதும். அதற்கு மேல் போனால் பை தொங்கிவிடும்.

சுருள் உறை பார்க்க அழகு, மேசைமேல் விரிக்கும்போது ஒரு கம்பீரம் இருக்கும். அதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். சுருட்டும்போது உள்வளைவில் இருக்கும் அறைகள் குறுகும். விரித்த நிலையில் பேனாக்களுக்கு இடையே கொஞ்சமாவது இடைவெளி தெரிந்தால்தான் சுருட்டிய பிறகு ஒன்றையொன்று நெருக்காது. இரண்டாவது, மேலே மடிந்து மூடும் தோல். அது கிளிப்புகளின் முழு நீளத்தையும் தாண்டி இறங்க வேண்டும். பாதிதான் வருகிறது என்றால், சுருளில் ஒரு பேனாவின் கிளிப் அடுத்த சுற்றில் வரும் பேனாவின் முதுகில் உட்காரும். கயிற்றை இறுக்கிக் கட்டுவது இதை இன்னும் மோசமாக்கும்.

ஜிப் உறைகளில் எலாஸ்டிக் வளையங்களைப் பாருங்கள். ஒரு பேனாவுக்கு மேலும் கீழும் இரண்டு வளையம் இருக்கும். தடிப் பேனாவைச் சில மாதம் அதே வளையத்தில் வைத்துவிட்டு மெலிந்ததை மாற்றினால், அது நழுவும். எலாஸ்டிக் திரும்பச் சுருங்காது. அதனால் எந்த வளையம் எந்தப் பேனாவுக்கு என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். பேனாவின் இரு முனையிலும் ஜிப்புக்கு முன்னால் ஒரு 10 மி.மீ. இடம் மிச்சம் இருக்க வேண்டும். இரு பக்கமும் பேனா வைக்கும் உறையில் நடுவே ஒரு தடுப்பு மடல் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் விற்பதை வாங்குவது, இரண்டு வரிசை கிளிப்புகளை நேருக்கு நேர் சண்டைக்கு விடுவதுதான்.

எத்தனை பேனா உறை வாங்குவது என்று கேட்டால், என் பதில் மூன்று. மை ஊற்றி ஒழுங்காக எழுதும் பேனாக்கள் ஒருவரிடம் ஒரே நேரத்தில் அதற்கு மேல் இருப்பது அபூர்வம். 20 பேனா உறை வாங்கியவர் 20ஐயும் மையோடு தூக்கிக்கொண்டு அலைவார், 15இல் மை காய்ந்திருக்கும்.

தோல்

பெட்டியில் ‘ஜெனுயின் லெதர்’ என்று எழுதியிருப்பதற்கு, அது தோல்தான் என்பதைத் தாண்டி ஒரு அர்த்தமும் இல்லை. தோலின் மேல்பரப்பைச் சீவாமல் விட்டது புல் கிரெயின். லேசாகச் சீவிப் பூச்சு கொடுத்தது டாப் கிரெயின். அடியில் பிரித்தெடுத்த அடுக்கு ஸ்ப்ளிட். தூளையும் துண்டையும் பசையால் சேர்த்தது பாண்டட். பேனா உறைக்கு முதல் இரண்டும் சரி. ஸ்ப்ளிட்டை உள்வரியாக, அதாவது உறைக்குள்ளே ஒட்டும் அடுக்காக மட்டும் ஏற்கலாம். பாண்டட் மடிப்பில் வெடிக்கும்.

பியூ லெதர் என்று வருவது துணியின்மேல் பாலியூரிதேன் பூசியது. காற்றின் ஈரத்திலேயே அந்தப் பூச்சு மெல்ல மெல்லச் சிதையும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். உரிந்த துணுக்குகள் பேனாவின் கிளிப் இடுக்கிலும் மூடி மரையிலும் ஒட்டிக்கொள்ளும். வெட்டிய விளிம்பைப் பார்த்தாலே பியூவைக் கண்டுபிடிக்கலாம். தோலின் விளிம்பில் நார்கள் கலைந்து பின்னிக் கிடக்கும். பியூவில் துணி நெசவும் அதன்மேல் சீரான பிளாஸ்டிக் படலமும் தெரியும். விளிம்பு முழுக்கத் தடியாக வண்ணம் பூசி மறைத்திருந்தால், உள் மடிப்பில் எங்காவது வெட்டு தெரிகிறதா என்று தேடுங்கள்.

அடுத்த கேள்வி, குரோமா, தாவரப் பதனா. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து வரும் தோலில் பெரும்பகுதி குரோமியம் உப்பால் பதனிட்டது. மென்மை, பல நிறம், ஈரத்தைத் தாங்கும். மரப்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிடுவது தாவர முறை. தமிழ்நாட்டில் முன்பு ஆவாரம்பட்டை, இப்போது பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சத்து. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கத்துத் தாவரப் பதனிடலுக்கு ‘ஈ.ஐ. லெதர்’ என்ற பெயரில் புவிசார் குறியீடும் உண்டு. தாவரத் தோல் விறைப்பானது, நனைத்து அச்சில் வார்த்தால் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், கைபட்டுக் கைபட்டு நிறம் ஆழமாகும். அந்த நிற மாற்றத்துக்காகவே அதை விரும்புகிறவர்கள் அதிகம்.

ஆனால் சட்டைப் பையில் வைக்கும் உறைக்குப் பூச்சில்லாத தாவரத் தோலை நான் சொல்லமாட்டேன். நம் ஊர் வெயிலில் மார்புப் பக்க வியர்வை அதில் நேராக ஊறும், காய்ந்ததும் உப்பு வரிகள் நிற்கும், பல முறை ஊறிக் காய்ந்தால் அந்த இடம் விறைத்து வெடிக்கும். அங்கே குரோம் தோல்தான் நல்லது. மேசை, பை, கைப்பெட்டி என்றால் தாவரத் தோல்.

சாயம் ஒட்டுமா என்று வாங்கும் முன்பே பார்க்கலாம். வெள்ளைக் கைக்குட்டையின் ஓரத்தை நனைத்துப் பிழிந்து, உள்பக்கத்தில் பத்து முறை தேயுங்கள். நிறம் இறங்கினால் வெள்ளை, தந்தம், ஒளி ஊடுருவும் பேனாக்களை அதில் வைக்கக்கூடாது. சிவப்பும் அடர் நீலமும்தான் அதிகம் இறங்கும். அக்ரிலிக்கில் ஏறிய சாயத்தை எடுப்பது மகா கஷ்டம்.

சொல்லித் தைக்க நினைத்தால் சென்னையில் பெரியமேட்டில் தோல் சதுர அடிக் கணக்கில் கிடைக்கும். இரண்டு அல்லது மூன்று பேனா உறைக்கு உள்வரியும் சேர்த்து 2 சதுர அடி இருந்தால் வெட்டுச் சேதாரம் போகப் போதும். தைப்பவரிடம் பேனாவையே கொடுத்துவிட்டு வராதீர்கள். காகிதப் பட்டையையும், பேனா நீளத்துக்கு அதே தடிமனில் ஒரு மரக்குச்சியையும் கொடுங்கள்.

உள்பக்கம்

விரலை உள்ளே விட்டு நாலு பக்கமும் தடவுங்கள். பட்டன் வைத்த உறையில் பட்டனின் பின்பக்கத் தகடு உள்ளே திறந்து கிடக்கும். அது பேனா உடலில் ஒரே இடத்தில், ஒரே கோட்டில் கீறும். அதன்மேல் ஒரு தோல் துண்டு ஒட்டி மறைத்திருக்க வேண்டும். நூல் முடிச்சு, காய்ந்து கெட்டியான பசைத் துளி, இவையும் விரலுக்குத் தெரியும். தையல் உள்ளே மேடாக ஓடினால், பேனாவின் இரு பக்கமும் அது உரசும் இடத்தில் மினுப்பு மங்கும். தோலில் பள்ளம் கீறி அதற்குள் நூலைப் பதித்த தையல் நல்லது. இரண்டு ஊசியால் கையால் தைத்ததில் ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் அறுந்த இடத்திலிருந்து பிரிந்துகொண்டே போகும்.

உள்வரி எது நல்லது என்பதில் பலருக்கும் பல கருத்து. வெல்வெட் மெத்தென்று இருக்கும், ஆனால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்வேட் (suede) என்ற சொரசொரப்பான தோலும் அப்படியே. பேனாவில் கோடு போடுவது தோல் இல்லை, தோலில் சிக்கிய மணல். அரக்கும் எபோனைட்டும் அக்ரிலிக்கும் மணலுக்கு முன்னால் வெண்ணெய்தான். அதனால் மழமழப்பான, மெல்லிய, சாயம் போகாத தோல் உள்வரிதான் என் தேர்வு. தட்டினால் மணல் உதிர்ந்துவிடும். எந்த வரியானாலும் மாதம் ஒரு முறை உறையைக் கவிழ்த்துத் தட்டி, மரக்குச்சியில் ஒட்டும் பக்கம் வெளியே தெரிய செல்லோ டேப்பைச் சுற்றி உள்ளே விட்டு உருட்டி எடுங்கள். அந்த டேப்பில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால், இத்தனை நாள் பேனா எதோடு உரசியது என்று தெரிந்துவிடும்.

மென்மையான பிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த உறைகளையும், ரெக்ஸின் உள்வரியையும் தவிர்த்துவிடுங்கள். பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் நாளடைவில் வெளியே வந்து பேனாவின் பிளாஸ்டிக்கில் ஊறும். பேனா பிசுபிசுக்கும், தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் தடம் விழும். துடைத்தால் போகாது.

எது எதோடு சேரக்கூடாது

எபோனைட் என்பது ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்துக் கெட்டியாக்கியது. அந்தக் கந்தகம் முழுக்க அடங்கிக் கிடப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். எபோனைட் பேனாவையும் ஸ்டெர்லிங் வெள்ளிப் பேனாவையும் ஒரே மூடிய ஜிப் உறையில் மாதக் கணக்கில் வைத்தால் வெள்ளி கறுக்கும், மெல்லிய தங்கமுலாம் பூசிய கிளிப்பும் மங்கும். தோலையோ காற்றையோ குறை சொல்லிப் பயனில்லை, பக்கத்து அறையில் இருக்கும் பேனாதான் காரணம். இரண்டையும் வெவ்வேறு உறையில் வையுங்கள்.

பழைய செல்லுலாய்ட் பேனா இன்னும் சிக்கல். மூடியைக் கழற்றினால் கற்பூர வாசனை வரும். அது சிதையத் தொடங்கினால் வெளிவரும் ஆவி அதையே இன்னும் வேகமாகச் சிதைக்கும், பக்கத்தில் இருப்பதையும் பாதிக்கும். காற்றோட்டம் வேண்டும். இறுக்கி மூடிய தோல் உறை அதற்கு ஆகாது.

பித்தளைப் பேனாவைத் தாவரத் தோலில் நிரந்தரமாக வைத்தால், தோலின் எண்ணெயும் புளிப்பும் சேர்ந்து பச்சைப் பிசுக்கு உண்டாகும். களிம்பு என்று நாம் சொல்வது அதைத்தான். பேனாவைத் துடைத்துவிடலாம், தோலில் அந்தப் பச்சை நிற்கும்.

பொதுவாகவே தோல் உறை கொண்டுபோக வர உள்ளது. வருடக் கணக்கில் எடுக்காத பேனாவைக் கழுவி, உலர்த்தி, வெறும் மூடியோடு ஒரு மரத் தட்டில் படுக்க வைப்பதுதான் முறை.

மையோடு போகும்போது

உறையில் நிப்பு மேல்நோக்கி இருக்க வேண்டும், அதாவது மூடி மேலே. மேல்மடிப்பு உறை பைக்குள் தலைகீழாகத் திரும்பிவிடுவது சகஜம். தொட்டதும் மேல்பக்கம் தெரிகிற மாதிரி மடிப்பின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள். உறையிலிருந்து எடுத்ததும் நிப்பு மேலே இருக்கும்படியே பிடித்து ஒரு நிமிடம் விட்டு மூடியைக் கழற்றுங்கள். வேகமாக இழுக்காதீர்கள். அழுத்து மூடியை வெடுக்கென்று இழுத்தால் உள்ளே உண்டாகும் உறிஞ்சலே ஒரு துளியை வெளியே கொண்டுவரும்.

ஃபில்லரால் நேராக உடலில் மை ஊற்றும் எபோனைட் பேனாக்களுக்கு மைக்கு மேலே இருக்கும் காற்றுதான் எதிரி. 3 மி.லி. பிடிக்கும் பேனாவில் 1 மி.லி. மை, 2 மி.லி. காற்று என்று வையுங்கள். ஏசி அறையில் 25 டிகிரியில் இருந்து, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் 45 டிகிரிக்குப் போனால் காற்று சுமார் 7 சதவீதம் விரியும், அதாவது 0.13 மி.லி. அது இரண்டு மூன்று துளி. நிப்பு கீழ்நோக்கி இருந்தால் அந்தத் துளிகள் மூடிக்குள் இறங்கும். அதே பேனாவில் காற்று அரை மி.லி.தான் என்றால் ஒரு துளிகூடத் தள்ளப்படாது. அதனால் இந்தப் பேனாக்களைப் பாதிக்குக் கீழே மை இறங்க விடாமல் நிரப்பிக்கொள்வது வழக்கமாகட்டும். தோல் உறை வெப்பத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் எந்த உறையும் பேனாவைக் காப்பாற்றாது.

விமானத்தில் இது இன்னும் கூடும். கேபினில் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல இறங்குவதால், உள்ளே இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்குவரை விரியும். முழுக்க நிரப்பு, அல்லது முழுக்கக் காலி செய். ஏறும்போது உறை நிமிர்ந்து நிற்கட்டும்.

மழைக்காலம்

வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, உறையில் பூஞ்சை வருவதுதான் நம் பக்கத்துப் பெரிய தொல்லை. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் தோலில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் சீக்கிரம் வரும். காடாத் துணிப் பையில் வையுங்கள், அலமாரியின் உள்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், ஆனால் சின்ன மூடிய டப்பாவில் நாலைந்து பொட்டலங்களோடு அடைத்தால் தோல் வறண்டு விறைக்கும். ஈரம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் தோலுக்கு நல்லது. பத்து நாளைக்கு ஒரு முறை திறந்து மின்விசிறிக்குக் கீழே சில மணி நேரம் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பூஞ்சை வந்துவிட்டால் பேனாக்களை வெளியே எடுத்துவிட்டு, உறையை மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய், காய்ந்த பல்துலக்கி பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளுங்கள். வீட்டுக்குள் செய்தால் அந்தத் தூள் அடுத்த தோல் பொருளில் போய் உட்காரும். பிறகு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் லேசாகத் தொட்டு, முதலில் மறைவான மூலையில் சோதித்து, நிறம் போகாவிட்டால் உள்ளும் புறமும் துடைத்து, நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். வெயிலில் வைக்காதீர்கள். பேனாக்களை அந்த ஆல்கஹாலால் துடைக்காதீர்கள். அக்ரிலிக், செல்லுலாய்ட், அரக்குப் பூச்சு மூன்றும் கெடும். ஈரத்துணி போதும். மை இருந்த பேனா என்றால் மையையும் கொட்டி, கழுவி, புது மை போடுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தோல் கறுக்கும், சிக்கு வாடை அடிக்கும், மழையில் பூஞ்சை பிடிக்கும், உள்ளே இறங்கிய எண்ணெய் பேனாவில் ஒட்டும். நிறமில்லாத லெதர் கிரீம், வருடத்துக்கு இரண்டு முறை, வெளிப்பக்கத்துக்கு மட்டும், கடலைப் பருப்பளவு. தடவிய பின் ஒரு நாள் கழித்துப் பேனாவை வையுங்கள். பாலிஷ் வேண்டாம். புது உறையையும் வாங்கியவுடன் பயன்படுத்தாமல் வாயைத் திறந்து இரண்டு மூன்று நாள் காற்றில் விடுங்கள், பசை வாடை போகட்டும்.

இறுக்கமாக இருக்கும் தாவரத் தோல் உறையை விரிக்க வழி உண்டு. பேனாவைவிட 1 மி.மீ. தடிமன் கூடிய உருட்டுக் கட்டையை பாலிதீனில் சுற்றி, உறையின் உள்பக்கத்தை ஈரப் பஞ்சால் ஒற்றி, கட்டையை உள்ளே விட்டு, ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். பேனாவையே விட்டு விரிக்க நினைக்காதீர்கள். குரோம் தோலில் இந்த வித்தை நிற்காது, காய்ந்ததும் பழையபடி ஆகிவிடும்.

மைக் கறை

பேனா உள்ளே கசிந்தால், முதலில் உறையைக் கவிழ்த்துப் பேனாவை எடுத்துவிட்டு, டிஷ்யூ காகிதத்தைத் திரியாக முறுக்கி அறையின் அடிவரை விடுங்கள். தேய்க்காதீர்கள், உறிஞ்சட்டும். திரியில் நிறம் வருவது நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு நீர் தொட்டுப் பிழிந்த துணியைக் குச்சியில் சுற்றி ஒற்றி எடுங்கள். பூச்சுக் கொடுத்த குரோம் தோலில் சாதாரண சாய மை பெரும்பாலும் வந்துவிடும். பூச்சில்லாத தாவரத் தோலில் கறை நிற்கும், ஆனால் காய்ந்தபின் பேனாவில் ஒட்டுமா என்பதுதான் முக்கியம். ஈரத்துணியில் நிறம் வராத நிலைக்கு வந்துவிட்டால் பயன்படுத்தலாம்.

இரும்பு கலந்த மைகள் வேறு கதை. டயமின் ரெஜிஸ்ட்ரார்ஸ், பிளாட்டினம் புளூ-பிளாக் போன்றவை. அன்னபேதியையும் கடுக்காயையும் சேர்த்து மை செய்த அதே வேதியியல்தான் இங்கேயும். தாவரத் தோலில் கடுக்காய் மாதிரியான துவர்ப்புச் சத்து ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. மையின் இரும்பு அதைத் தொட்டதும் தோலுக்குள்ளேயே கறுப்பு உண்டாகிறது. மேலே ஒட்டிய சாயமாக இருந்தால் துடைத்து எடுக்கலாம், இது நாருக்குள்ளேயே உருவான நிறம். நனைந்த இரும்புக் கிளிப் தாவரத் தோலில் கறுப்புப் புள்ளி வைப்பதும் இதே காரணத்தால்தான். புதுக் கறையில் எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் கொஞ்சம் வெளுக்கும். உடனே தண்ணீரால் ஒற்றிச் சாற்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வறண்டுவிடும். முழுக்கப் போகாது. இந்த மைகளைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் கறுப்புத் தோலில் உறை வாங்குவதுதான் மலிவான தீர்வு.